அந்தச் சின்ன ஃபைலை எங்கே வைப்பது? (காவலூர் வழியாக ஒரு கம்ப்யூட்டர் வரலாறு)

 

"உங்க துறையைப் பத்தி ஒரு கட்டுரை கொடுங்க, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று மலர்க் குழுவினர் அன்புக் கட்டளை இட்டார்கள். மென்பொருள் துறையில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குப்பை கொட்டுகிறவன் நான். செயற்கை நுண்ணறிவு பற்றி எழுதலாம்தான். ஆனால் அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யாருமே கண்டுகொள்ளாத ஒரு சின்ன விஷயத்தை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு புரோகிராம் தன்னுடைய செட்டிங்ஸை, அதாவது தன் அமைப்பு விவரங்களை, எங்கே எழுதி வைக்கிறது? எங்கே எழுதி வைக்க வேண்டும்?

"இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று சிரிக்க வேண்டாம். ஒரு தொழிற்சாலையின் ஆறு வருட அனுபவம் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாததால் ஒரே ராத்திரியில் காணாமல் போனதை நேரில் பார்த்தவன் நான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

டீ மாஸ்டரின் ஞாபகம்

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். கல்லூரி வாசலில் இருக்கும் டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பால் ஒன்று, டிகாஷன் ஒன்று, பாய்லர் ஒன்று. ஆனால் ஒரு சாருக்கு லைட், இன்னொரு சாருக்கு ஸ்ட்ராங், ஆபீஸ் அண்ணனுக்குச் சர்க்கரை இல்லாமல். மாஸ்டர் யாரையும் கேட்காமலே போட்டுத் தருவார். டீ போடும் முறைதான் புரோகிராம். யாருக்கு எப்படி என்கிற விவரம்தான் கான்ஃபிகரேஷன்.

மாஸ்டர் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? அதே பாய்லர், அதே டீத்தூள், ஆனால் அதே டீ இல்லை. விவரம் முழுக்க மாஸ்டரின் தலைக்குள் இருந்தது. அதுவும் அவரோடு பஸ் ஏறிவிட்டது. ஒரு சிலேட்டில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தால் புதிய ஆளும் பார்த்துப் போட்டிருப்பார். கம்ப்யூட்டர் உலகம் கடந்த ஐம்பது ஆண்டுகளாக "சிலேட்டை எந்தச் சுவரில் மாட்டுவது?" என்றுதான் அடித்துக்கொண்டிருக்கிறது.

மலை மேல் ஓர் ஆய்வுக்கூடம்

இந்த வரலாற்றைத் தேடி அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. ஆலங்காயம் போய், அங்கிருந்து ஜவ்வாது மலைப் பாதையில் ஏறினால் காவலூர் வந்துவிடும். நம்மில் பலரும் படிக்கும் காலத்தில் அங்கே போய் வந்தவர்கள்தான். பெரிய டூமைப் பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் அந்தாக்ஷரி பாடிக்கொண்டு திரும்பியிருப்போம். ஆனால் ஒரே வேலையை, அதாவது விண்மீன் ஒளியைப் பிடித்து அளப்பதை, கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலிருந்து இன்று வரை பல தலைமுறைக் கருவிகளை வைத்துச் செய்து வந்த இடம் அது. செட்டிங்ஸ் எங்கே இருந்தது என்று படிக்க அதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் கிடையாது.

டாக்டர் வைனு பாப்பு அவர்கள் 1960-இல் கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். கொடைக்கானல் சூரியனைப் பார்க்க ஏற்ற இடம். இரவு வானத்தைப் பார்க்க வேறு இடம் தேவைப்பட்டது. தேடி அலைந்து அவர் தேர்ந்தெடுத்தது, கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் காட்டுக்கு நடுவே இருந்த காவலூர். 1968-இல் கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கி அங்கே வேலையை ஆரம்பித்தது. 1971-இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தனி நிறுவனமானது. 1972-இல் ஜெர்மனியின் ஜெனா நகரத்து கார்ல் ஜெய்ஸ் கம்பெனியின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கியைக் கண்ணால் பார்க்காமலே 1982-இல் பாப்பு அவர்கள் காலமானார். 1986-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் பாரதப் பிரதமர் ராஜீவ் காந்தி அவர்கள் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தபோது, ஆய்வுக்கூடத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைனு பாப்புவின் பெயரையே சூட்டினார்கள்.

நோட்டுப் புத்தகக் காலம்

அந்தக் காலத்தில் வானியலாளர்கள் வானத்தைக் கண்ணாடி பிளேட்டில் படம் பிடித்தார்கள். பிளேட்டை மட்டும் பார்த்தால் அது கறுப்புப் புள்ளிகள் உள்ள ஒரு கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான். எந்த இரவு, எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை நிமிடம் திறந்திருந்தது, என்ன ஃபில்டர், எந்த வகை பிளேட் என்று உறையிலும் பதிவேட்டிலும் எழுதி வைத்தால்தான் அதற்கு அர்த்தம். அந்த எழுத்து போய்விட்டால் கண்ணாடி மிஞ்சும், அறிவியல் மிஞ்சாது.

இதற்குக் காவலூரிலேயே ஒரு பெருமையான உதாரணம் உண்டு. 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் கிரகம் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு போகப் போகிறது என்று பல நாடுகளில் காத்திருந்தார்கள். காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கி வழியாக ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பார்த்தார்கள். விண்மீனின் ஒளி எதிர்பாராத நேரத்தில் சில நொடிகள் மங்கியது. அது யுரேனஸின் புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று முதலில் எழுதினார்கள். பறக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவினர், யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்று அறிவித்தார்கள். அதே ஆண்டில் பட்டாச்சார்யாவும் பாப்புவும் யுரேனஸின் வளைய அமைப்பைப் பற்றி மறுபடி ஒரு கட்டுரை எழுதினார்கள்.

ஒரே இரவு, ஒரே பதிவு. புதிய கேள்வியோடு திரும்பிப் படிக்க முடிந்ததற்குக் காரணம், ஒளியின் அளவோடு நேரமும் துல்லியமாகப் பதிவாகியிருந்ததுதான். தரவும், அது எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்ற விவரமும் ஒன்றாக இருந்தால் நாளைக்கு வேறொருவர் வந்தும் படிக்கலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

வேக்ஸ் வந்தது

1980-களில் காவலூருக்கு வேக்ஸ் 11/780 என்ற கம்ப்யூட்டர் வந்தது. டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் 1977-இல் அறிமுகப்படுத்திய மெஷின் அது. இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் போனோடு அதை ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் காட்டுக்கு நடுவே விண்மீன் நிறமாலைகளை எண்களாக அலசிப் பார்க்க அன்று அது பெரிய வசதி. நிறமாலை அலசுவதற்கென்றே ரெஸ்பெக்ட் என்ற மென்பொருளை நம் வானியலாளர்களே அந்த வேக்ஸில் எழுதினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

வேக்ஸில் ஓடிய ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பெயர் வி.எம்.எஸ். அதில் நுழைந்ததும் உங்கள் கணக்கில் உள்ள "லாகின் டாட் காம்" என்ற ஃபைலை அது படிக்கும். உங்கள் விருப்பங்களும் சுருக்கப் பெயர்களும் அதற்குள் இருக்கும். சாதாரண எழுத்துதான், யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு குணம் உண்டு. ஒரு ஃபைலைத் திருத்திச் சேமித்தால் பழையதை அழிக்காது. பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று எண் போட்டுப் புதிய பிரதி உண்டாக்கும். "நேத்து நல்லா ஓடிச்சே, இன்னைக்கு என்ன மாத்தினோம்?" என்ற கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும். இந்த நல்ல பழக்கத்தைப் பின்னால் வந்த பல சிஸ்டங்கள் மறந்தன. இன்று கிட் என்ற கருவியை வைத்துக்கொண்டு அதையே புதிதாகக் கற்றுக்கொள்கிறோம்.

ஒரு புள்ளியின் கதை

இன்னொரு பக்கம் யூனிக்ஸ் வளர்ந்துகொண்டிருந்தது. அங்கே மெஷின் முழுவதற்குமான அமைப்புகள் "ஈ.டி.சி." என்ற டைரக்டரியில் இருக்கும். ஒவ்வொரு ஆளின் சொந்த அமைப்புகள் அவரவர் ஹோம் டைரக்டரியில், பெயரின் முதல் எழுத்தாகப் புள்ளி வைத்த ஃபைல்களில் இருக்கும். புள்ளியில் ஆரம்பிக்கும் ஃபைல், பட்டியல் போடும்போது கண்ணுக்குத் தெரியாது.

இது யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்த ஏற்பாடு என்று நான் நினைத்திருந்தேன். யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012-இல் சொன்ன கதை வேறு. ஒவ்வொரு டைரக்டரியிலும் "இந்த இடம்" என்பதற்கு ஒற்றைப் புள்ளியும், "மேலே உள்ள இடம்" என்பதற்கு இரட்டைப் புள்ளியும் இருக்கும். பட்டியலில் அவை இரண்டும் வராமலிருக்க, "முதல் எழுத்து புள்ளியா? அப்படின்னா விட்டுடு" என்று யாரோ ஒரு சுருக்கு வழியில் எழுதிவிட்டார்கள். அதன் விளைவாகப் புள்ளியில் ஆரம்பிக்கும் எல்லாமே மறைந்துபோனது. அட, இது நல்ல வசதியாக இருக்கிறதே என்று எல்லாப் புரோகிராம்களும் தங்கள் செட்டிங்ஸை அங்கே கொண்டுவந்து கொட்டின. ஒரு சோம்பேறித்தனமான வரி உலக வழக்கமாகிவிட்டது!

மறதி வேண்டும் ஐராஃபுக்கு

காவலூருக்குத் திரும்புவோம். வானியலாளர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. ஓர் ஆய்வுக்கூடத்தில் வி.எம்.எஸ்., இன்னொன்றில் யூனிக்ஸ். ஒரு ஃபைல் எங்கே இருக்கிறது என்று எழுதும் முறையே வேறு. வி.எம்.எஸ். சதுர அடைப்புக்குறி போட்டு உள்ளே புள்ளி வைக்கும். யூனிக்ஸ் சாய்வுக்கோடு போடும். டாஸில் அந்தச் சாய்வுக்கோட்டுக்கு முன்பே வேறு வேலை கொடுத்துவிட்டதால் கோட்டைத் திருப்பிப் போட்டார்கள். ஒரு சிஸ்டத்துக்கு எழுதிய பாதை இன்னொன்றில் செல்லாது.

அமெரிக்காவின் கிட் பீக் ஆய்வுக்கூடத்தில் 1981-இல் ஐராஃப் என்ற மென்பொருளை ஆரம்பித்தார்கள். அதன் முக்கிய சிற்பி டக் டோடி. அடியில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தாலும், மேலே ஐராஃபுக்கு என்று ஒரு சொந்த உலகம். "வீடு", "படங்கள் இருக்கும் இடம்", "என் அளவுருக்கள் இருக்கும் இடம்" என்று பெயர்கள் வைத்தார்கள். அந்தப் பெயர் இந்த மெஷினில் எந்த டைரக்டரி என்பதை ஒரே இடத்தில் சொன்னால் போதும். புரோகிராம்கள் பெயரை மட்டும்தான் அறியும். 1990-களில் காவலூர்த் தரவுகளை அலசிய ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் ஐராஃபின் பெயரைப் பார்க்கலாம்.

ஐராஃபில் வேலை ஆரம்பிக்கும்போது உங்கள் டைரக்டரியில் இரண்டு விஷயம் உண்டாகும். ஒன்று லாகின் ஃபைல். இன்னொன்று "யூ-பார்ம்" என்ற டைரக்டரி. நீங்கள் ஒரு வேலைக்குக் கடைசியாகக் கொடுத்த எண்களை யூ-பார்ம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். நல்ல வசதிதான். ஆனால் நேற்று ஒரு விண்மீனுக்குப் போட்ட எண், இன்று வேறொரு விண்மீனுக்கும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். விடை தப்பாக வரும். எந்த எச்சரிக்கையும் வராது. அதனால்தான் ஐராஃபில் "அன்லேர்ன்" என்றே ஒரு கட்டளை வைத்தார்கள். "படிச்சதை மறந்துடுப்பா" என்று அர்த்தம். ஞாபகம் எவ்வளவு அவசியமோ, எதை ஞாபகம் வைத்திருக்கிறோம் என்று தெரிந்திருப்பதும் அவ்வளவு அவசியம்.

ஐராஃபிடமும் ஒரு குறை இருந்தது. ஒரு படத்தை அது இரண்டாக உடைத்து வைக்கும். விவரத் தலைப்பு ஒரு ஃபைல், படப்புள்ளிகள் இன்னொரு இடத்தில் இன்னொரு ஃபைல். தலைப்பு ஃபைலை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு போனால், ஊரில் போய்த் திறக்கும்போது படம் இருக்காது. கல்யாணப் பத்திரிகை கையில் இருக்கிறது, மாப்பிள்ளை வேறு ஊரில் இருக்கிறார் என்ற கதைதான்.

2880 என்ற எண்

இதற்கு மருந்து வானியல் உலகத்திலேயே தயாராக இருந்தது. அதன் பெயர் ஃபிட்ஸ். 1979-இல் உருவாகி, 1981-இல் கட்டுரையாக வெளிவந்து, 1982-இல் உலக வானியல் சங்கத்தின் ஒப்புதல் பெற்றது. ஃபிட்ஸ் ஃபைலின் தலைப்பகுதி சாதாரண எழுத்து. வரிக்கு 80 எழுத்து, பழைய பஞ்ச் கார்டின் அளவு. 36 வரி சேர்ந்தால் ஒரு தொகுதி, 2880 பைட். எந்தத் தொலைநோக்கி, எந்த நாள், எத்தனை நொடி திறந்திருந்தது என்பதெல்லாம் வரிவரியாக இருக்கும். அதற்குக் கீழேயே படத்தின் எண்கள். பழைய பிளேட்டும் அதன் உறையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட்டன!

2880 ஏன்? அந்தக் காலத்து கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் எண்களை அடுக்கும். சிலவற்றில் 16 பிட், சிலவற்றில் 24, 32, 36, 60, 64. 2880 பைட் என்றால் 23,040 பிட். இந்த எண்கள் எல்லாவற்றாலும் அது மீதியில்லாமல் வகுபடும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். எந்த மெஷினையும் "நீ மாறு" என்று சொல்லாமல், எல்லா மெஷினுக்கும் பொருந்துகிற ஓர் அளவைத் தேடி எடுத்தார்கள். அதோடு ஒரு சத்தியமும் செய்துகொண்டார்கள்: ஒருமுறை சரியான ஃபிட்ஸாக இருந்தது என்றைக்கும் ஃபிட்ஸாகவே இருக்கும், பின்னால் எந்த மாற்றம் வந்தாலும் பழைய ஃபைல் படிக்க முடியாமல் போகக் கூடாது. வேக்ஸ் போய்விட்டது, டிஜிட்டல் கம்பெனியே 1998-இல் காம்பாக்கிடம் விலைபோய்விட்டது. ஃபிட்ஸ் ஃபைல் இன்றும் திறக்கிறது.

நம்ம லேப் கதை

இனி நம் எல்லோருக்கும் பழக்கமான பக்கம். டாஸ் 2.0 பதிப்பில், 1983-இல், "கான்ஃபிக் டாட் சிஸ்" என்ற ஃபைல் வந்தது. 1985-இல் வந்த விண்டோஸ், "வின் டாட் ஐ.என்.ஐ." என்ற எழுத்து ஃபைலை வைத்துக்கொண்டது. எல்லாப் புரோகிராமும் அந்த ஒரே ஃபைலில் தன் பங்குக்கு எழுத ஆரம்பித்தன. ரேஷன் கடை வரிசை மாதிரி ஒரே தள்ளுமுள்ளு. இதைச் சரிசெய்ய ரெஜிஸ்ட்ரி வந்தது. 1992-இல் விண்டோஸ் 3.1-இல் சிறியதாக எட்டிப் பார்த்து, 1993-இல் என்.டி.யிலும் 1995-இல் விண்டோஸ் 95-இலும் முழு வீச்சில் உட்கார்ந்தது. எல்லாம் ஒரே களஞ்சியத்தில். வேகமாகத் தேடலாம், ஒழுங்காக அடுக்கலாம். ஆனால் அது சாதாரண எழுத்து இல்லை. தனிக் கருவி இல்லாமல் திறந்து படிக்க முடியாது. ஒரு புரோகிராமின் அமைப்பை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு போவதும் லேசான வேலை இல்லை.

டர்போ சி நினைவிருக்கிறதா நண்பர்களே? உலகம் எங்கேயோ போய்விட்ட பிறகும் நம் லேபில் அந்த நீலத் திரைதானே! யாராவது அதை டி டிரைவுக்குக் காப்பி பண்ணுவார்கள். உடனே "எஸ்.டி.டி.ஐ.ஓ. டாட் ஹெச் ஃபைலைத் திறக்க முடியவில்லை" என்று வரும். புரோகிராம் சரி, ஃபைலும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் செட்டிங்ஸில் "சி டிரைவில் பார்" என்று எழுதியிருக்கும். ஆப்ஷன்ஸ் மெனுவில் போய் டைரக்டரியை மாற்றினால் சரியாகிவிடும். அதை அறிந்தவன்தான் அன்றைக்கு லேபில் ஹீரோ! இந்தக் கட்டுரையின் பாடம் முழுவதையும் அந்த ஒரு பிழைச் செய்தி நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. நாம்தான் கவனிக்கவில்லை.

தொழிற்சாலையில் ஒரு ராத்திரி

ஆரம்பத்தில் சொன்ன கதைக்கு வருகிறேன். நம் மலையடிவாரத்துத் தோல் தொழிற்சாலை ஒன்று. பெயர் வேண்டாம். தோலுக்குச் சாயம் ஏற்றும் டிரம்களை ஒரு பி.சி. கட்டுப்படுத்தும். எந்த ரகத் தோலுக்கு எவ்வளவு தண்ணீர், என்ன சூடு, எத்தனை நிமிடம் சுற்ற வேண்டும் என்ற அளவுகளை ஆறு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தித் திருத்திச் சேர்த்திருந்தார்கள். பேக்கப்பும் ஒழுங்காகத்தான் எடுத்தார்கள். புரோகிராம் இருந்த ஃபோல்டரை வாராவாரம் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வைத்தார்கள்.

ஒருநாள் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. பேக்கப்பைப் போட்டார்கள். மென்பொருள் நன்றாக ஓடியது. ஆனால் அளவுகள் எல்லாம் முதல் நாள் கொடுத்த அளவுகள்! கம்ப்யூட்டர் தெரிந்த உறவுக்காரன் என்று ராத்திரியில் என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். அமைப்பு ஃபைல் இருந்தது. ஆனால் அதன் தேதி ஆறு வருடம் பழையது.

நடந்தது இதுதான். அது எக்ஸ்.பி. காலத்தில் எழுதிய புரோகிராம். அமைப்புகளைத் தன் ஃபோல்டரிலேயே எழுதும் வழக்கமுடையது. 2007-இல் விஸ்டா வந்தபோது, நிர்வாகி அனுமதி கேட்டு வாங்காமல் ஓடும் புரோகிராம்கள் அந்த ஃபோல்டரில் எழுதக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் பூட்டிவிட்டது. பாதுகாப்புக்காகச் செய்த நல்ல காரியம்தான். ஆனால் பழைய புரோகிராம்கள் நின்றுபோகக் கூடாதே! அதனால் அவை எழுதுவதைச் சத்தமில்லாமல் அந்த ஆளின் சொந்த இடத்தில், "வர்ச்சுவல் ஸ்டோர்" என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டார்கள். புரோகிராம் அங்கே எழுதும், அங்கிருந்தே படிக்கும், தன் வீட்டில் எழுதுவதாகவே நினைத்துக்கொள்ளும். அந்த பி.சி.யில் இருந்தது விண்டோஸ் 7. ஆறு வருட அனுபவம் யாருக்கும் தெரியாத அந்த ஃபோல்டரில் இருந்தது. பேக்கப் எடுத்ததோ பழைய வீட்டை.

காப்பாற்றியது எது தெரியுமா? அங்கே வேலை பார்த்த மேஸ்திரியின் டைரி. ஒவ்வொரு ரகத்துக்கும் அளவு மாற்றும்போதெல்லாம் தேதி போட்டுப் பேனாவால் எழுதி வைத்திருந்தார். "மெஷினை நம்பலாம் தம்பி, ஆனா எழுதி வச்சுக்கணும்" என்றார். எல்லா ரகமும் அதில் இல்லை. இருந்தவற்றை வைத்து டிரம்களை ஓட்டினார்கள். மீதிக்குத் தோலை வீணாக்கித்தான் மறுபடி கற்றுக்கொண்டார்கள். காவலூர்ப் பதிவேடும் இந்த மேஸ்திரியின் டைரியும் ஒரே ஜாதிப் புத்தகங்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

தமிழ் பட்ட பாடு

தமிழ் எழுத்துருக்களின் கதையும் இதுதான். 1990-களில் ஒவ்வொரு கம்பெனியின் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டு முறையில் இருந்தது. எந்த முறையில் அடித்தோம் என்ற விவரம் ஃபைலுக்குள் இருக்காது. அடித்த மெஷினில் அந்த எழுத்துரு இருந்தால்தான் உண்டு. வேறு மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகையையும் குறியீட்டையும் பொதுவாக்க முயன்றார்கள். பிறகு யூனிகோடு பரவியது. அன்றைய மலர்களை அச்சில் இன்றும் படிக்கலாம். அவற்றின் கம்ப்யூட்டர் ஃபைலை வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேரால் திறக்க முடிகிறது என்று.

இன்றைக்கு எங்கே வைப்பது?

இன்று நிலைமை பரவாயில்லை. லினக்ஸில் 2003-இல் வந்த ஒரு பொது ஏற்பாடு, ஹோம் டைரக்டரியில் சிதறிக் கிடந்தவற்றைப் பிரித்து அடுக்கியது. அமைப்புகள் "டாட் கான்ஃபிக்" ஃபோல்டரில், தரவு வேறிடத்தில், அழிந்தாலும் பரவாயில்லை என்ற கேஷ் வேறிடத்தில். விண்டோஸில் "ஆப்-டேட்டா" என்ற இடம் இருக்கிறது. அதற்குள் ஆளோடு வேறு மெஷினுக்கும் போக வேண்டியது "ரோமிங்", இந்த மெஷினோடு நிற்க வேண்டியது "லோக்கல்". மேக்கில் "லைப்ரரி" என்ற ஃபோல்டரில் "பிரிஃபரன்சஸ்". பெயர்கள்தான் வேறு, கேள்வி ஒன்றுதான். எது ஆளுக்குச் சொந்தம், எது மெஷினுக்குச் சொந்தம், எது போனாலும் பரவாயில்லை?

தம்பி தங்கைகளே, உங்கள் புராஜெக்டுக்கு அண்ணன் சொல்வது இவ்வளவுதான்.

1. "சி டிரைவில் இந்த ஃபோல்டர்" என்று புரோகிராமுக்குள் எழுதாதீர்கள். அந்தந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்டு இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு எல்லா மொழியிலும் வசதி இருக்கிறது.

2. அமைப்புகளை முடிந்தவரை சாதாரண எழுத்தில் வையுங்கள். பத்து வருடம் கழித்து உங்கள் புரோகிராம் இல்லாமலே ஒருவர் அதைப் படிக்க முடிய வேண்டும்.

3. தரவை எந்த அமைப்பில் எடுத்தீர்களோ, அந்த விவரத்தைத் தரவோடு சேர்த்தே வையுங்கள். ஃபிட்ஸ் தந்த பாடம் இது.

4. உங்கள் புரோகிராம் எங்கே எழுதுகிறது என்பதை அதன் உதவிப் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஒரு தொழிற்சாலை தப்பித்திருக்கும்.

5. பாஸ்வேர்டை மட்டும் அந்த ஃபைலில் எழுதி எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஏற்றிவிடாதீர்கள்!

6. பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. வேறொரு மெஷினில் போட்டுத் திறந்து பாருங்கள்.

ஒரு மெஷினின் ஆயுள் பத்து வருடம், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஆயுள் அதைவிடக் கொஞ்சம் கூடவோ குறையவோ. அதில் ஓர் ஆள் சேர்த்து வைத்த அனுபவம் அதற்குப் பிறகும் வேலைக்கு ஆக வேண்டும். அதை எங்கே வைக்கிறோம் என்பது சோம்பேறித்தனமாக ஒரு வரியில் முடிவு செய்கிற காரியம் இல்லை. அடுத்த முறை காவலூர் போகும் மாணவர்கள் டூமை மட்டும் பார்த்துவிட்டு வராமல், "ஐயா, பழைய பதிவேடெல்லாம் எப்படி வச்சிருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.